ஏ.எம்.சி. போட்டாச்சு, அப்புறம்?

"ஏ.எம்.சி. போட்டிருக்கோம் சார், ஆனா கூப்பிட்டா ஆள் வர மாட்டேங்குறாங்க." ராமேஸ்வரம் லாட்ஜ்காரர்களிடமும் மண்டபம் பக்கம் மீன் ஏற்றுமதி செய்பவர்களிடமும் நான் அதிகம் கேட்கும் புகார் இதுதான். ஏ.எம்.சி. என்றால் கம்ப்யூட்டர், சாப்ட்வேரைப் பார்த்துக்கொள்ளக் கம்பெனியோடு போடும் வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம். ஒப்பந்தத்தைக் காட்டுங்கள் என்றால் ஒரு பக்கக் கொட்டேஷன் வரும். தொகை இருக்கும், ஜிஎஸ்டி இருக்கும், எத்தனை மணிக்குள் வர வேண்டும் என்பது மட்டும் இருக்காது.

"4 மணி நேரத்துக்குள்" என்று எழுதியிருந்தாலும், அது போனை எடுப்பதற்கா, ஆள் வருவதற்கா, வேலையை முடிப்பதற்கா என்று கேளுங்கள். ஆடி அமாவாசை நெரிசலில் ராமநாதபுரத்திலிருந்து சர்வீஸ் பையன் பாம்பன் பாலம் தாண்டி வந்து சேர்வதற்குள் பில்லிங் கவுண்டரில் சண்டையே வந்துவிடும். அந்த நாட்களுக்கு ஆளை ஊருக்குள்ளேயே தங்க வைக்கச் சொல்லுங்கள், அதற்குத் தனிக் காசு கேட்டால் கொடுங்கள், அது நியாயம்தான். சர்வர் மாற்றுவது போன்ற பெரிய வேலைகளை ஏற்றுமதி கம்பெனிகள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும் தடைக்காலத்தில் வைத்துக்கொள்ளலாம்.

99 சதவீத அப்டைம், அதாவது சிஸ்டம் நிற்காமல் ஓடும் நேரம், என்றால் கேட்க நன்றாக இருக்கும். 30 நாள் மாதத்தில் 7 மணி நேரம் 12 நிமிடம் அது படுத்துக் கிடந்தாலும் கம்பெனிக்காரர் சொன்ன சொல் காப்பாற்றியவர்தான். 99.9 என்றால் 43 நிமிடம்.

அதிகச் சண்டை டொமைனில், அதாவது வெப்சைட்டின் முகவரிப் பெயரில்தான். வெப்சைட் செய்து கொடுத்தவர் அதைத் தன் மெயிலிலேயே பதிந்திருப்பார், பாக்கித் தகராறு வந்தால் பாஸ்வேர்டைத் தர மாட்டார். பாக்கியைக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு, ஆனால் சாவியைப் பிடித்து வைப்பது அடாவடி. டொமைன், அட்மின் பாஸ்வேர்டு, பேக்கப் மூன்றும் முதல் நாளிலிருந்தே உங்கள் பேரில், உங்கள் கையில் இருக்கட்டும். நம் பக்கமும் சுத்தமில்லை: துபாயிலிருந்து லீவில் வந்த மச்சான் ரவுட்டர் செட்டிங்கை மாற்றிவிட்டுப் போவார், நாம் கம்பெனிக்காரரைத் திட்டுவோம்.

இன்னொன்று, தங்க வருபவர்களின் ஆதார் நகல். அதை வைத்திருப்பது சாப்ட்வேர் கம்பெனியின் சர்வராக இருந்தாலும், 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொறுப்பை நகலை வாங்கிய லாட்ஜ்காரர் தலையில்தான் வைக்கிறது. ஹேக்கிங் மாதிரி எதுவும் நடந்தால் கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குச் சொல்ல வேண்டும் என்பது 2022 உத்தரவு. ராத்திரி ரெண்டு மணியானாலும் கம்பெனிக்காரர் யாரைக் கூப்பிட வேண்டும், புகாரை யார் அனுப்ப வேண்டும் என்று பெயரும் எண்ணும் போட்டு ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.