அஜிலிட்டின்னா சுறுசுறுப்பு இல்லீங்க

ஃபுட்பால் கோச்சிங் பக்கம் போனா அடிக்கடி காதுல விழற வார்த்தை அஜிலிட்டி. கோன் வச்சு பசங்கள வளைஞ்சு வளைஞ்சு ஓட விட்டுட்டு "அஜிலிட்டி பத்தலடா"ம்பாங்க. உடற்கல்வி நோட்ஸ்ல இதுக்கு சுறுசுறுப்புன்னு போட்டிருப்பாங்க, எனக்கு அதுல உடன்பாடே இல்ல. அஞ்சு மணிக்கு எழுந்து வாசத்தெளிச்சு கோலம் போட்டு ஆறு மணிக்குள்ள அடுப்பு வேலைய முடிக்கிற எங்க பாட்டி கூட சுறுசுறுப்புதான், அதுக்காக அவங்கள டிஃபென்டர் முன்னாடி நிறுத்த முடியுமா?

வேர் லத்தீன்ல இருக்கு. அகெரேன்னா ஓட்டுறது, செய்யறது. அதுலருந்து அகிலிஸ், சட்டுன்னு அசையக்கூடியதுன்னு அர்த்தம், அப்படியே ஃபிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்துச்சு. ஏஜென்ட், ஆக்‌ஷன், அஜெண்டா எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைங்கதான். பந்த காலால தட்டிக்கிட்டே ஓடறத ட்ரிப்ளிங்னு சொல்றாங்கல்ல, அந்த வார்த்தையோட கதை இன்னும் அழகு, அது தண்ணி சொட்டுறத சொல்ற வார்த்தைலருந்து வந்தது, பந்தையும் சொட்டு சொட்டாத்தானே தட்டிட்டு போறாங்க.

சரி, அந்த ட்ரிப்ளிங்ல அஜிலிட்டி எங்க இருக்கு? 1986 ஜூன் 22, மெக்சிகோ அஸ்டெகா ஸ்டேடியம், உலகக் கோப்பையில இங்கிலாந்துக்கு எதிரா அர்ஜென்டினா ஆட்டக்காரர் மரடோனா போட்ட ரெண்டாவது கோல யூடியூப்ல போட்டு பாருங்க. சொந்தப் பாதியில பந்த வாங்குறார், ரெண்டு பேர் நெருக்குறாங்க, பந்த காலோடயே வச்சு ஒரு சுத்து சுத்தி வெளிய வந்துடறார். அந்த சுத்துதான் அஜிலிட்டி. அப்புறம் நேரா விட்டாரே ஒரு ஓட்டம், அது வேகம், அது வேற கணக்கு. திரும்பணும்னா முதல்ல பிரேக் போடணும், முட்டிய மடக்கி சின்ன சின்ன அடியா வச்சு உடம்ப தாழ்த்தணும், அதுக்கு தொடையில பலம் வேணும், சாயாம இருக்க பேலன்ஸ் வேணும். ஆளு 165 செ.மீ.தான், குள்ளமா இருந்தது இந்த இடத்துல அவருக்கு லாபம்.

இன்னொன்னு, எதிராளி எந்தக் கால்ல எடை போடறான்னு கண்ணு பாத்து அதுக்கேத்த மாதிரி உடம்பு திரும்பினாத்தான் அது முழு அஜிலிட்டின்னு விளையாட்டு அறிவியல் ஆளுங்க இப்போ சொல்றாங்க. கோன் எங்க இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்சு ஓடறது வெறும் திசை மாத்தம்தான். அப்போ பத்து மீட்டர் தூரத்த அங்கயும் இங்கயுமா நாலு தடவ ஓட விடற நம்ம 4×10 மீட்டர் ஷட்டில் ரன் டெஸ்ட், அஜிலிட்டியில பாதியத்தான் அளக்குது.

அப்போ தமிழ்ல என்ன சொல்றது? என் ஓட்டு லாவகத்துக்கு. வடமொழி லகுலருந்து வந்த லாகவம், நம்ம வாயில எழுத்து இடம் மாறி லாவகம் ஆயிடுச்சு, இலகுவும் அதோட சொந்தம்தான். லேசான உடம்பு, கைதேர்ந்த அசைவு ரெண்டும் அதுல இருக்கு. தனித்தமிழ்ல வேணும்னா 'விரைந்து திரும்பும் திறன்'னு எழுதலாம், பரீட்சைக்கு ஓகே, கிரவுண்டுல நின்னு கத்த முடியாது. கபடி பாக்கறப்போ "லாவகமா நழுவிட்டான்யா"ன்னு தானா வாய்ல வருதுல்ல, ஃபுட்பாலுக்கும் அதையே எடுத்துக்கிட்டா என்னவாம்?