காண்டாக்ட் டிரேசிங்: தடமறிதலா, கேட்டறிதலா?

தொற்று உறுதியானவர் அண்மை நாட்களில் யார் யாருடன் நெருங்கி இருந்தார் என்று விசாரித்து, அவர்களுக்குத் தகவல் சொல்லி, சோதித்து, தேவைப்பட்டால் தனிமைப்படுத்துவதுதான் காண்டாக்ட் டிரேசிங். 2020-இல் கொரோனாவோடு எல்லார் வாயிலும் புழங்கிய சொல் என்றாலும் வேலை பழையது. பால்வினை நோய்க்கும் காசநோய்க்கும் சுகாதாரப் பணியாளர்கள் நெடுங்காலமாகச் செய்துவருவது. பெரியம்மையை ஒழித்ததிலும் இதற்குப் பங்குண்டு.

'காண்டாக்ட்' என்பதன் வேர், 'தொடு' என்று பொருள்படும் 'தாங்கெரே' என்ற இலத்தீன் வினை. தொற்றைக் குறிக்கும் 'கன்டேஜியன்' அதே வேரில் கிளைத்த உடன்பிறப்பு. 'டிரேஸ்' இழுத்தலைக் குறிக்கும் 'திராஹெரே'யில் தொடங்கி, பழைய பிரெஞ்சு வழியாக வந்தது.

தமிழில் 'தொடர்புத் தடமறிதல்' என்கிறார்கள். இலக்கணப் பிழை ஏதுமில்லை, வாடைதான் இடிக்கிறது. தடம் என்றால் காலடிச் சுவடு, வழி. ஆனால் இன்று அந்தச் சொல்லோடு தடயமும் தடயவியலும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன. 'தொடர்பு' நிலைமையும் அப்படியே. குறள் 783-இல் 'பண்புடையாளர் தொடர்பு' என்றால் நட்பு. இன்றைய செய்தித்தாளில் 'அவருக்கும் தொடர்பு உண்டா?' என்று கேட்டால் குற்ற வழக்கு!

நோயாளி இந்த வாடையை முகர்ந்துவிட்டால் வாய் திறக்கமாட்டார். சிங்கப்பூரில் 2020 மார்ச்சில், அருகிலிருந்த கைபேசிகளைப் புளூடூத் வழியே தானாகக் குறித்துக்கொள்ளும் 'டிரேஸ்டுகெதர்' செயலி வந்தது. அதன் தரவு தொற்றுத் தொடர்பை அறிய மட்டுமே என்று மக்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. குற்ற விசாரணைக்குக் காவல்துறையும் அதைப் பெறலாம் என்பது 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரியவந்ததும் அதிருப்தி கிளம்பியது. அடுத்த மாதமே, ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் போட்டு வரம்பு கட்டினார்கள். தென்கொரியாவின் சியோலில் நடந்தது வேறு கதை. 2020 மே மாதம் இத்தேவோன் கேளிக்கை விடுதிகளில் தொற்று பரவியபோது, தற்பாலீர்ப்பாளர் என்று அடையாளம் வெளிப்பட்டுவிடுமோ என அஞ்சிப் பலர் சோதனைக்கு வரவில்லை. நகர நிர்வாகம் பெயரைக் கேட்காமல் தொலைபேசி எண்ணை மட்டும் வாங்கிச் சோதிக்கத் தொடங்கியது. வருவோர் எண்ணிக்கை கூடியது.

ஆகவே பணியாளர் தொலைபேசியில் பேசி விவரம் வாங்கும் வேலைக்கு 'தொடர்பு கேட்டறிதல்' என்பதே என் பரிந்துரை. சொல்வதும் மறைப்பதும் பதில் சொல்பவர் கையில் இருப்பதை இந்தச் சொல் மறைப்பதில்லை. புளூடூத் செயலிக்கு 'தடமறிதல்' இருந்துவிட்டுப் போகட்டும்; அது யாரையும் கேட்பதில்லையே.

பட்டியலில் இடம்பெறுபவரை 'தொடர்பாளர்' என்று எழுதுவதையும் விட்டுவிடலாம். செய்தித் தொடர்பாளர் நினைவுக்கு வந்துவிடுகிறார். 'நெருங்கியிருந்தவர்' போதும்.