அந்த லிங்கனின் பின்கதவு ஏன் தலைகீழாகத் திறந்தது?

ஃபோர்டின் சொகுசுக் கார் பிராண்டு லிங்கன். அதன் கான்டினென்டல் காரில் 1960 மாடலையும் 1961 மாடலையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ஒரே கம்பெனி வண்டிகள் என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டீர்கள். பழையது 227 அங்குலம், சாய்ந்த ஹெட்லைட், எங்கே பார்த்தாலும் குரோம். புதியது 212 அங்குலம், இஸ்திரி போட்ட சட்டை மாதிரி. 7 லிட்டர் வி8 எஞ்சின் மட்டும் அதேதான்.

1958-ல் வந்த பழைய தலைமுறையால் ஃபோர்டுக்குப் பெரிய நஷ்டம். லிங்கனையே மூடிவிடலாமா என்று ஃபோர்டின் உயர் அதிகாரி ராபர்ட் மெக்னமாரா யோசித்த நேரத்தில், வடிவமைப்பாளர் எல்வுட் எங்கெல் தண்டர்பேர்டு என்ற இன்னொரு ஃபோர்டு காருக்காகச் செய்த களிமண் மாதிரி அவர் கண்ணில் பட்டது. இதற்கு நாலு கதவு வைக்க முடியுமா என்று கேட்டார். வைத்தார்கள். சிக்கலும் கூடவே வந்தது.

முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே பழைய வண்டியில் 131 அங்குலம், புதியதில் 123. அதனால் பின்வாசலும் குறுகியது. பின்சீட்டில் இருப்பவர் இறங்கும்போது முதலில் வெளியே வருவது கால்; அது வாசலின் முன்மூலை வழியாகத்தான் வரும். வழக்கமான கதவில் கீலும் அதே மூலையில் இருக்கிறது, கீலை ஒட்டிய இடத்தில் கதவை எவ்வளவு விரித்தாலும் இடுக்குதான். மாதிரி வண்டியில் ஏறி இறங்கிப் பார்த்தவர்கள் கதவை உதைத்துக்கொண்டே இருந்தார்களாம். சரி, கீலைப் பின்னால் கொண்டுபோ என்று முடிவானது.

இதில் ஆபத்து உண்டு. ஓட்டத்தில் தாழ் விட்டுப்போனால், சாதாரணக் கதவைக் காற்று அமுக்கி மூடப்பார்க்கும். இதையோ முன்விளிம்பில் பிடித்துப் பிய்த்துத் திறந்துவிடும். தற்கொலைக் கதவு என்ற பெயர் சும்மா வரவில்லை.

எனக்குப் பிடித்தது இதிலேயே வந்த, கூரையை மடக்கிக்கொள்ளும் நாலு கதவு கன்வெர்ட்டிபிள்தான். இரண்டு தலைமுறைக்குமே தனிச் சட்டகம் கிடையாது, உடம்பேதான் எலும்பு. தீப்பெட்டியை மூடி முறுக்கிப் பாருங்கள், விறைப்பாக நிற்கும். உள்தட்டை மட்டும் உருவி முறுக்கினால் வளைந்துவிடும். கூரையை எடுத்த கார் அந்த உள்தட்டுதான், அதனால் அடிப்பாகத்தில் இரும்பைச் சேர்த்துக் கட்டினார்கள்; வண்டி 2.3 டன்னைத் தாண்டியது. குட்டையாக்கியும் எடை குறையவில்லை, பாருங்கள்!

கூரை மடங்குவது தனி வேடிக்கை. கம்ப்யூட்டர் இல்லாத காலம். டிக்கி மூடி பின்பக்கமாகத் திறக்கும், அப்புறம் கூரை மடிந்து உள்ளே போகும், பிறகு மூடி சாத்திக்கொள்ளும். ஒவ்வொரு வேலையும் முடிகிற இடத்தில் ஒரு சின்ன ஸ்விட்ச் அமுங்கும், அது ஒரு ரிலேயை, அதாவது மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்சை, தட்டிவிட, அடுத்த மோட்டார் ஓடும். ஒரு ஸ்விட்ச் அழுக்கேறினால் போச்சு, கூரை பாதியில் வானத்தைப் பார்த்து நிற்கும். பின்கதவைத் திறந்தால் கண்ணாடி தானாகக் கொஞ்சம் கீழே இறங்கும். நடுவில் தூண் இல்லாததால் முன்கண்ணாடியும் அதுவும் நேராக ஒன்றோடொன்று பொருந்துகின்றன, இறங்காவிட்டால் உரசும்.

இத்தனை செய்தும் பின்சீட்டில் கால் நீட்ட இடம் போதவில்லை என்ற புகார் ஓயவில்லை. 1964 மாடலில் 3 அங்குலம் திரும்ப நீட்டினார்கள். கீலை மட்டும் பின்னாலேயே விட்டுவிட்டார்கள்.