தமனி இறுக்கம்

அம்மாபேட்டையில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு வயது 74. போன மாதம் பிரஷர் 168/70. மேல் அளவு ஏறியிருக்கிறது, கீழ் அளவு இறங்கியிருக்கிறது. "ரத்தக்குழாய் இறுகிப்போச்சுங்கம்மா" என்றார் டாக்டர். வீடு வந்த பெரியம்மா எல்லாரிடமும் "எனக்கு அடைப்பாம்" என்று சொல்லிவிட்டு, இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவே இல்லை. இறுக்கம் வேறு, அடைப்பு வேறு.

இறுக்கத்தின் மருத்துவப் பெயர் ஆர்ட்டீரியோஸ்கிளிரோசிஸ். 1829இல் ஸ்ட்ராஸ்பர்க் மருத்துவர் ழான் லோப்ஸ்டைன் உண்டாக்கிய சொல். 'ஸ்கிளிரோசிஸ்' என்றால் கிரேக்கத்தில் கெட்டிப்படுதல். முன்பாதியான 'ஆர்ட்டீரியா' என்றால் தமனி, அதாவது இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய். ஆனால் அந்தச் சொல் முதலில் மூச்சுக்குழாயைத்தான் குறித்தது. பிணத்தை அறுத்தால் தமனிகள் பெரும்பாலும் காலியாகக் கிடக்கும். அதனால் அவற்றில் ஓடுவது காற்று என்று பழைய கிரேக்கர்கள் நம்பினார்கள். நாம் வடமொழியிலிருந்து எடுத்துக்கொண்ட 'தமனி'க்கும் வேர்ப்பொருள் ஊதுதல். ரத்தம் ஓடும் குழாய்க்கு இரண்டு மொழியிலும் காற்றின் பெயர்!

இறுகுவது குழாயின் சுவர். செடிக்குத் தண்ணீர் விடும் டியூபை இரண்டு கோடை சேலத்து வெயிலில் போட்டு வையுங்கள். விறைத்துப்போகும், மடக்க வராது. உள்ளே துவாரம் அப்படியே இருக்கும். தமனிச் சுவரிலும் வயதாக ஆக இலாஸ்டின் என்ற மீள்நார் அறுபடுகிறது, விறைப்பான கொலாஜன் என்ற நார் கூடுகிறது, சுண்ணச்சத்து படிகிறது. இதயம் ரத்தத்தைத் தள்ளும்போது சுவர் விரிந்துகொடுக்காததால் மேல் அளவு ஏறும். விரிந்த சுவர் மெல்லச் சுருங்கி அழுத்தத்தைத் தாங்கிப்பிடிப்பது குறைவதால் கீழ் அளவு இறங்கும்.

அடைப்பில் கொண்டுபோய் விடுவது பெரும்பாலும் அதிரோஸ்கிளிரோசிஸ். 1904இல் ஜெர்மன் மருத்துவர் ஃபெலிக்ஸ் மார்ச்சண்ட் வைத்த பெயர். 'அதேரே' என்றால் கிரேக்கத்தில் கூழ். ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஊற்றும் கூழ் ஆறினால் மேலே ஏடு கட்டும்; கரண்டியால் கீறினால் அடியில் குழகுழவென்று இருக்கும். சுவரின் உள்ளடுக்கில் சேரும் கொழுப்புத் திட்டும் அப்படித்தான். மேலே நார் மூடி, உள்ளே கூழ். அந்த மூடி கிழிந்தால் அங்கே ரத்தம் உறைந்து வழியை அடைக்கும்.

தமிழில் இரண்டையுமே 'தமனித் தடிப்பு' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதலாவதைத் தமனி இறுக்கம், இரண்டாவதைத் தமனிக் கூழ்த்தடிப்பு என்று பிரித்துச் சொல்லலாம். மரம் முதிர்ந்து வைரம் பாய்வதைக் 'காழ்த்தல்' என்பது பழந்தமிழ். 'தமனிக் காழ்ப்பு' என்று வைக்க ஆசைதான். ஆனால் காழ்ப்பு என்றாலே இன்று பகைதான் நினைவுக்கு வருகிறது. டாக்டர் வாயில் தானாக வந்த 'இறுகிப்போச்சு' போதும். பெரியம்மாவிடமும் அந்த டியூபைக் காட்டித்தான் சொன்னேன்.