கல்லூரி உதவித்தொகை: டெல்டா மாணவர்கள் எதை, எங்கே, எப்போது கேட்க வேண்டும்

பிளஸ் டூ ரிசல்ட் வரும் மே மாதத்தை ஒட்டித்தான் தாலுகா அலுவலகங்களில் ஜமாபந்தியும், அதாவது ஊர் வருவாய்க் கணக்குத் தணிக்கையும், நடக்கும். கிராம நிர்வாக அலுவலர் ஊர்க் கணக்குகளோடு தாலுகாவில் இருப்பார். அடுத்து ஜூன் 12 மேட்டூர் திறப்பு, குறுவை வேலை. வருமானச் சான்றுக்கு அலைவதற்கு இதைவிடக் கடினமான நேரம் கிடையாது. அதனால் கடைசிப் பரீட்சை முடிந்த வாரமே இ-சேவை மையத்துக்குப் போய்விடுங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, வீட்டில் பட்டதாரி யாரும் இல்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்று, இந்த மூன்றும் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

வருமானச் சான்றில் ஒன்றைக் கவனியுங்கள். நிறைய திட்டங்களுக்கு ஆண்டு வருமான வரம்பு 2.50 லட்சம் ரூபாய். சொந்த நிலம், குத்தகை, கூலி, சம்பளம் எல்லாவற்றையும் உள்ளபடி சொல்லுங்கள். ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் வேறு இன்ஷியல் என்றால் அதையும் இப்போதே சரிசெய்யுங்கள்.

சரி, என்னென்ன உதவி இருக்கிறது? ஒரே பெரிய திட்டம் என்று எதுவும் இல்லை. கட்டணத்தைக் குறைப்பவை சில, மாணவர் கணக்கில் பணம் போடுபவை சில. "ஒன்று வாங்கினால் இன்னொன்று கிடைக்காது" என்று பலரும் நினைத்துக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். எல்லாத் திட்டத்துக்கும் அது பொருந்தாது.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தருவது புதுமைப் பெண் திட்டம். 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. இதன் முழுப்பெயரில் இருக்கும் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் நம் மயிலாடுதுறைப் பக்கத்தவர். தேவதாசி முறையை எதிர்த்துப் போராடியவர். முன்பு அவர் பெயரில் திருமண உதவித் திட்டம் இருந்தது. அந்தப் பணம் கல்யாணத்துக்குப் போகாமல் பெண்ணின் படிப்புக்குப் போவதே சரியென்று நான் நினைக்கிறேன். 2024 டிசம்பர் இறுதியில் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவிகளையும் சேர்த்தார்கள். மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது, அதுவும் மாதம் 1,000 ரூபாய். வேறு உதவித்தொகை வாங்கும் மாணவியும் புதுமைப் பெண் தொகையைக் கூடுதலாகப் பெறலாம். இதற்கு நீங்கள் எந்த அலுவலகத்துக்கும் போக வேண்டியதில்லை. சேர்ந்த கல்லூரியில் இதற்கென ஒரு ஒருங்கிணைப்பாளர் இருப்பார், அவர் வழியாகத்தான் பதிவு. பள்ளியில் இருந்த எமிஸ் எண்ணையும் (பள்ளி மாணவர் அடையாள எண்) ஆதாரையும் எடுத்துப் போங்கள். கல்லூரியில் உங்களுக்கு அதேபோல யுமிஸ் என்ற அடையாள எண் ஒன்று உருவாகும், அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபினர் பிள்ளைகள் அரசு அல்லது உதவிபெறும் கல்லூரியில் மூன்றாண்டு இளங்கலை படித்தால், வருமான வரம்பு பார்க்காமலே உதவித்தொகை உண்டு. முதுகலை, பாலிடெக்னிக், தொழிற்படிப்பு என்றால் 2.50 லட்ச வரம்பு வரும். கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் அரசுக் கல்லூரிகளில் சேர்பவர்களுக்குக் குழப்பம் இல்லை. உதவிபெறும் கல்லூரியில் மட்டும் ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சேருங்கள்: நம் பாடப்பிரிவு உதவிபெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா? ஒரே வளாகத்தில் இரண்டும் இருக்கும், கட்டணம் வேறு. ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர் மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது; வரம்பு 2.50 லட்சம். இதுவும் கல்லூரி வழியாகத்தான்.

கவுன்சலிங்கில் சேர்பவர்களுக்கு இரண்டு பெரிய வாய்ப்புகள் உண்டு. முதல் பட்டதாரி என்றால் சுயநிதி பொறியியல் கல்லூரியில் கல்விக் கட்டணத்தில் 25,000 ரூபாய் வரை குறையும். தாத்தா பாட்டி முதல் உடன்பிறந்தவர் வரை யாரும் பட்டம் முடித்திருக்கக் கூடாது. அண்ணன் இந்தச் சலுகையை வாங்கியிருந்தால் தங்கைக்குக் கிடையாது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தாலும் கிடையாது. இன்னொன்று, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு. அதில் பொறியியல் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சலிங் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளப் படிப்புகளிலும் இந்த ஒதுக்கீடு உண்டு. ஈச்சங்கோட்டை, ஒரத்தநாடு, நாகப்பட்டினம் என்று இவை நம் பக்கத்திலேயே இருக்கின்றன. பொறியியலை மட்டும் பார்த்துவிட்டு இவற்றை விட்டுவிடாதீர்கள்.

மத்திய அரசின் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் இரண்டைப் பாருங்கள். பொறியியல், பாலிடெக்னிக் போன்ற படிப்புகளில் முதலாண்டு சேரும் மாணவிகளுக்கு ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) தரும் பிரகதி உதவித்தொகை, ஆண்டுக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சம் வரை இருக்கலாம், ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை வாங்கலாம். தகுதி வரிசைப்படி தேர்வு. இரண்டாவது, பிளஸ் டூவில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்தவர்களுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் தரும் திட்டம். வருமான வரம்பு 4.50 லட்சம். ஆனால் வேறு உதவித்தொகை வாங்குபவர்களுக்கு இது இல்லை. எது லாபம் என்று கணக்குப் போட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

நன்செய் 2.50 ஏக்கர் அல்லது புன்செய் 5 ஏக்கருக்குள் வைத்திருக்கும் விவசாயி, விவசாயக் கூலித் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளுக்கு உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் கல்வி உதவி இருக்கிறது. அந்தத் திட்டத்தின் உறுப்பினர் அட்டை இருக்கிறதா என்று அப்பாவிடம் கேளுங்கள், கிராம நிர்வாக அலுவலரிடம் விசாரியுங்கள்.

இனி, எல்லாம் சரியாக இருந்தும் பணம் வராமல் போவதற்கான காரணம். விண்ணப்பம் ஏற்கப்பட்டிருக்கும், பட்டியலில் பெயர் இருக்கும், கணக்கில் மட்டும் ஒன்றும் விழாது. வங்கியில் கேட்டால் "ஆதார் இணைத்தாச்சே" என்பார்கள். கணக்கு தொடங்கும்போது கொடுத்த ஆதார் நகல் அடையாளத்துக்காக. அரசுப் பணம் வர அது போதாது. உங்கள் ஆதார் எண்ணுக்கு எந்த வங்கி என்று, வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் அமைப்பான என்.பி.சி.ஐ.யின் பட்டியலில் ஏற வேண்டும். இதைத்தான் ஆதார் சீடிங் என்கிறார்கள். ஓர் ஆதாருக்கு ஒரு நேரத்தில் ஒரு வங்கிதான். பள்ளியில் ஒரு கணக்கு, பிறகு தபால் நிலையத்தில் ஒரு கணக்கு என்று தொடங்கியிருந்தால், கடைசியாக எதை சீடிங் செய்தீர்களோ அங்கேதான் பணம் போகும். நீங்கள் பழைய பாஸ்புக்கைப் பதிந்துகொண்டு காத்திருப்பீர்கள். ஆதார் இணையதளத்தில் எண்ணைக் கொடுத்து, போனுக்கு வரும் ஓ.டி.பி.யைப் போட்டால் எந்த வங்கி என்று காட்டும். காட்டவில்லையென்றால் வங்கியில் ஆதார் சீடிங் படிவத்தைக் கேட்டு வாங்கி எழுதிக் கொடுங்கள். ஆதாரில் இருக்கும் போன் எண் பழையதென்றால் ஓ.டி.பி. வராது, முதலில் ஆதார் மையத்தில் எண்ணை மாற்றுங்கள். கணக்கு மாணவர் பெயரில் இருக்க வேண்டும், அம்மா கணக்கு உதவாது.

இத்தனைக்குப் பிறகும் பற்றாக்குறை என்றால் கல்விக் கடன். வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். 4 லட்சம் வரை பொதுவாகச் சொத்து அடமானமோ, முன்பணமோ கேட்கக் கூடாது. தொழிற்படிப்பு படிப்பவர் குடும்பத்தின் வருமானம் 4.50 லட்சத்துக்குள் இருந்தால், படிப்புக் காலத்துக்கும் அதன் பிறகு ஓராண்டுக்குமான வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் உண்டு; கல்லூரி நாக் அல்லது என்.பி.ஏ. என்ற தர மதிப்பீட்டு அமைப்பின் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். அந்த வட்டி மானியத்தை வங்கிதான் கேட்டு வாங்க வேண்டும். கடன் வாங்கும் அன்றே வருமானச் சான்றைக் கொடுத்து, "மானியத்துக்குப் பதிவு செய்தீர்களா" என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். கிளை மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள்.