தோல்விப் பத்தியில் பூச்சியம்

போன வெள்ளிக்கிழமை திருகோணமலை டச்பே கடற்கரையில் மான்கள் கரையோரம் மேய்ந்துகொண்டிருந்த நேரம், என்னிடம் இணைந்த கணிதம் படிக்கும் உவர்மலைப் பையன் ஒருவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கையில் போன், அதில் குத்துச்சண்டை வீரர்களின் பதிவுகள். "சேர், மேவெதர் 50 சண்டை, 50 வெற்றி. அலி 5 தரம் தோத்திருக்கிறார். பிறகு எப்பிடி அலியைப் பெரியவர் எண்டு சொல்லுறீங்கள்?"

நல்ல கேள்வி. ஆளுக்கு ஆள் ரசனை என்று சொல்லித் தப்பிவிடலாம். ஆனால் இதற்குள்ளே அழகான கணக்கு ஒன்று இருக்கிறது.

முதலில் குத்துச்சண்டைக்காரரின் பதிவை எப்படி வாசிப்பது என்று பார்ப்போம். மேவெதரின் 50ஆவது வெற்றி 2017 ஓகஸ்டில் கொனர் மக்கிரகருக்கு எதிராகக் கிடைத்தது. மக்கிரகருக்கு அது தொழில்முறைக் குத்துச்சண்டையில் முதல் போட்டி. மேவெதரின் பட்டியலில் பக்கியாவோ, கனெலோ அல்வாரெஸ் போன்ற பெரிய பெயர்களும் உண்டு. அவரைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் பதிவில் பக்கியாவோவும் 1, மக்கிரகரும் 1. இனி ஜோ பிரேசியரைப் பாருங்கள். 37 போட்டி, 32 வெற்றி, 4 தோல்வி, 1 சமநிலை. அந்த நான்கு தோல்வியையும் கொடுத்தவர்கள் இரண்டே பேர்: ஜோர்ஜ் ஃபோர்மன் (1973, 1976), முகமது அலி (1974, 1975). அதற்கு முன் 1971இல் அலிக்கு வாழ்க்கையின் முதல் தோல்வியைக் கொடுத்தவரும் இதே பிரேசியர்தான். வேறு எவரிடமும் தோற்காதவரின் இந்த 4, சாதாரண 4 அல்ல.

சரி, அப்படியானால் எதிராளியின் தரத்தைப் பார்த்து வெற்றிக்கு நிறை கொடுப்போம் என்கிறோம். இங்கேதான் சிக்கல் வருகிறது. எதிராளியின் தரத்தை எப்படி அறிவது? அவன் யாரை வென்றான் என்று பார்த்து. அவர்களின் தரம்? அவர்கள் யாரை வென்றார்கள் என்று பார்த்து. அந்தச் சங்கிலி சுற்றிச் சுற்றிக் கடைசியில் நம் ஆளிடமே வந்து நிற்கும். என்னுடைய தரம் தெரிய உன்னுடையது வேண்டும், உன்னுடையது தெரிய என்னுடையது வேண்டும். முடிச்சு எங்கே அவிழும்?

அவிழ்க்கும் வழிகள் பல. சதுரங்கத்துக்கு அர்பாட் ஈலோ என்ற பௌதிகவியல் பேராசிரியர் கொடுத்த முறை ஒன்று. அதில் 200 புள்ளி முன்னால் நிற்பவர் சராசரியாக 100க்கு 76 எடுப்பார் என்று எதிர்பார்ப்பு. எதிர்பார்ப்புக்கு மேலே எடுத்தால் புள்ளி ஏறும், கீழே போனால் இறங்கும். இது பலருக்கும் தெரிந்ததுதான். எனக்குப் பிடித்தது வெஸ்லி கோலி என்ற வானியற்பியலாளர் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து அணிகளைத் தரப்படுத்தச் செய்த முறை. கடதாசியும் பென்சிலும் போதும்.

அதன் அடி பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸிடம் இருக்கிறது. எங்கள் சுவாமி மலையில் நின்று விடிகாலையில் கடலுக்கு மேலே சூரியன் எழுவதைப் பார்த்தவர்கள், நாளைக்கும் எழுமா என்று கேட்கமாட்டார்கள். லாப்லாஸ் கேட்டார். அவர் விடை (சூரியன் எழுந்த ஒவ்வொரு நாளும் ஒரு வெற்றி என்று வைத்தால்): வெற்றிகளோடு 1ஐயும் போட்டிகளோடு 2ஐயும் கூட்டிப் பிரி. அதாவது எல்லோரும் ஒரு கற்பனை வெற்றியோடும் ஒரு கற்பனைத் தோல்வியோடும் தொடங்குகிறார்கள். ஒன்றுமே ஆடாதவனுக்கு அரை. இரண்டு ஆடி இரண்டும் வென்றவனுக்கு 3/4. இரண்டே போட்டியை வைத்து ஒருவனுக்கு முழு ஒன்று கொடுக்காத நிதானம் இதில் இருக்கிறது.

கோலி இதோடு எதிராளியையும் சேர்த்தார். வெற்றியில் தோல்வியைக் கழித்துப் பாதியாக்கு, 1ஐக் கூட்டு, எதிராளிகள் எல்லோருடைய தரத்தையும் கூட்டு, போட்டிகளோடு 2ஐக் கூட்டி அதனால் பிரி. எதிராளியின் தரம் இன்னும் தெரியாதே? எல்லோருக்கும் அரை என்று வைத்துத் தொடங்கு.

மணலில் கீறிக் காட்டினேன். ஆறு பொடியன்கள், சட்டை நிறமே பெயர். சிவப்பு, மஞ்சளையும் வெள்ளையையும் வென்றான், தோல்வி இல்லை. நீலம் கறுப்பை வென்றான், பச்சையை ஒரு தரம் வென்றான், மறு தரம் பச்சையிடம் தோற்றான். பச்சை அதற்கு மேலே கறுப்பையும் மஞ்சளையும் வென்றான். கறுப்பு, மஞ்சளையும் வெள்ளையையும் வென்றான்.

முதல் சுற்றுக் கணக்கில் சிவப்புக்கு 0.75, பச்சைக்கு 0.67, நீலத்துக்கு 0.60. தோல்வியே இல்லாதவன் முன்னால். இப்போது அந்தப் புதிய எண்களை வைத்து மறுபடியும் கணக்கிடுங்கள். சிவப்பின் எதிராளிகள் இப்போது அரை அல்ல, 0.20உம் 0.25உம். சிவப்பு 0.61க்கு விழுகிறான். நீலம் 0.67க்கு ஏறுகிறான். மறுபடியும்: சிவப்பு 0.65. மறுபடியும்: 0.63. பிறகு 0.64, பிறகு 0.63. ஊஞ்சல் ஆடி ஆடி ஓய்வதுபோல எண்கள் ஓய்கின்றன. கடைசியில் பச்சை 0.68, நீலம் 0.67, சிவப்பு 0.63.

ஏன் ஓய்கிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. நான்கு சண்டை செய்த ஒருவனை எடுங்கள். அவனுடைய நான்கு எதிராளிகளின் எண்ணிலும் 0.1 பிழை இருக்கட்டும். கூட்டினால் பிழை 0.4. ஆனால் நாம் பிரிப்பது 4ஆல் அல்ல, 6ஆல். ஆகவே அவனுக்குப் போய்ச் சேரும் பிழை 0.07க்கும் குறைவு. நம்முடைய ஆறு பேரில் எவனும் நான்குக்கு மேல் ஆடவில்லை. எனவே ஒவ்வொரு சுற்றிலும் பிழை மூன்றில் இரண்டாகவோ அதற்கும் கீழாகவோ சுருங்கியே ஆகவேண்டும். லாப்லாஸ் சூரியனுக்காகச் சேர்த்த அந்தக் கற்பனையான இரண்டு போட்டிகள்தான் வட்டத்தை உடைக்கின்றன. தொடக்கத்தில் அரைக்குப் பதிலாக எந்த எண்ணை வைத்தாலும் வந்து நிற்பது அதே இடத்தில்தான். கூகுள் 1998இல் இணையப் பக்கங்களை வரிசைப்படுத்திய வழியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே: கனமான பக்கம் சுட்டிக்காட்டினால் உனக்கும் கனம்.

குத்துச்சண்டைக்கு இது முழுதாகப் பொருந்தாது. முதலாவது காரணம் வயது. 1951இல் ரொக்கி மார்சியானோ, முன்னாள் உலக சம்பியன் ஜோ லூயிஸை வீழ்த்தினார். லூயிஸுக்கு அப்போது 37, அது அவருடைய கடைசிப் போட்டி. பெயர் பழைய பெயர், உடம்பு பழைய உடம்பு அல்ல. அலியின் கடைசி இரண்டு தோல்விகளும் (1980, 1981) அப்படிப்பட்டவை. எதிராளியை அவன் அன்றைக்கு இருந்த நிலையில் நிறுக்கவேண்டும். இரண்டாவது, வெவ்வேறு காலத்தவரை ஒப்பிடப் பாலம் வேண்டும். ஆர்ச்சி மூர் அப்படி ஒரு பாலம். 1955இல் மார்சியானோவிடமும் 1962இல் இளம் அலியிடமும் தோற்றவர். ஆனால் இடையில் ஏழு வருட முதுமை. அந்தப் பாலத்தில் பாரம் ஏற்றும்போது கவனம் தேவை.

இங்கே என் மனக்குறை ஒன்றையும் சொல்லவேண்டும். எங்கள் பொடியன்கள் வளையத்துக்குள் ஏறுமுன் கையில் நூல் கட்டுகிறார்கள், சட்டை நிறத்தில் ராசி பார்க்கிறார்கள், எந்தக் கிழமை நல்லது என்று கேட்டு வருகிறார்கள். போன மாதம் யார் யாரோடு சண்டை செய்தார், எத்தனை சுற்று, என்ன முடிவு என்று கேட்டால் ஒரு கொப்பியில்கூட இல்லை. முன்பு ஒருமுறை நான் பழைய முடிவுகளைத் தேடிப் போனபோது வெற்றிக்கிண்ணங்கள் இருந்தன, தாள்கள் இல்லை. விளையாட்டுக்கும் ஆய்வுக்கும் காசு ஒதுக்குபவர்கள் கட்டடத்தைப் பார்க்கிறார்கள். முடிவுகளை ஒழுங்காக எழுதிவைக்க ஒருவருக்குச் சம்பளம் கொடுப்பதும் அறிவியலுக்குச் செய்யும் செலவுதான். தரவு இல்லாவிட்டால் லாப்லாஸே வந்தாலும் ஒன்றும் செய்யமுடியாது.

இருட்டும் வரைக்கும் பையன் எழும்பவில்லை. போனில் கால்குலேட்டரைத் திறந்து, சிவப்பு இன்னொரு தரம் மஞ்சளை வென்றால் என்ன வரும் என்று பார்த்தான். 0.65. பிறகு அதை அழித்துவிட்டு, மஞ்சளுக்குப் பதிலாகப் பச்சையை வென்றால் என்று போட்டான். 0.73 வந்தது. "சேர், அப்ப சிவப்பு ஏன் பச்சையோட ஆடேல்ல?" என்று கேட்டான்.