முதுகெலும்பு முறிந்தாலும் வி.ஏ. அளப்பது குனிவதைத்தான்

அமெரிக்க ராணுவத்தில் இருந்தபோது பாராசூட்டில் இறங்கியோ வண்டி கவிழ்ந்தோ முதுகெலும்பு முறிந்தவர்கள், சேவையை விட்டு வந்த பிறகு வி.ஏ. எனப்படும் முன்னாள் படைவீரர் துறையிடம் மாதாமாதம் இழப்பீடு கேட்கலாம். (தேவைப்பட்ட மொழி தெரிந்த வெளிநாட்டவரையும் ராணுவத்தில் சேர்க்க 2008இல் தொடங்கிய மாவ்னி திட்டத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது, அதனால் நம்மவர்கள் சிலருக்கும் இது உதவும்.)

பாதிப்பு எவ்வளவு என்று வி.ஏ. ஒரு சதவீதம் போடும், அதை வைத்துத்தான் பணம். எலும்பு எவ்வளவு நொறுங்கியது என்பதற்கு இங்கே பெரிய மதிப்பில்லை. ஒரு முள்ளெலும்பு தன் உயரத்தில் பாதியை இழந்து நசுங்கிப் போயிருந்தாலும் அதற்கென்று கிடைப்பது 10 சதவீதம், அவ்வளவுதான். 2003 செப்டம்பர் வரை இருந்த விதியில், எலும்பு உருக்குலைந்திருந்தால் அசைவுக்கான சதவீதத்தோடு இன்னொரு 10 கூட்டிக் கொடுத்தார்கள், அதுவும் போய்விட்டது. இப்போது முக்கியமான கணக்கு குனிவதில்தான். நின்றபடி முன்னால் 90 டிகிரி குனிவது இயல்பு. 60க்கு மேல் 85 வரை என்றால் 10, 30க்கு மேல் 60 வரை என்றால் 20, 30ஐத் தாண்டவே முடியாவிட்டால் 40 சதவீதம். கழுத்துக்கு அளவுகள் வேறு. 50, 100 எல்லாம் முதுகு ஏடாகூடமான நிலையில் இறுகி அசையாமலே போனவர்களுக்கு.

இதற்கான மருத்துவப் பரிசோதனையில் கோனியோமீட்டர் வைத்துத்தான் அளக்க வேண்டும், பள்ளிக்கூடக் கோணமானிக்கு இரண்டு கை முளைத்தது போல இருக்கும். கண்ணாலேயே பார்த்து எழுதினால் தேதியோடு குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ராணுவப் பழக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு முழுசாகக் குனிந்து காட்டுகிறவர்கள்தான் அதிகம் நஷ்டப்படுகிறார்கள். எந்த இடத்தில் வலி தொடங்குகிறது, நாலைந்து முறை குனிந்தபின் என்ன ஆகிறது, வலி முற்றும் நாளில் ஷூ லேஸ் கட்ட முடிகிறதா என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வலி முற்றும் நாளில் நீங்கள் போகவில்லை என்பதை மட்டும் காரணம் காட்டி அந்த நாளின் பாதிப்பை மருத்துவர் மதிப்பிடாமல் விட முடியாது, ஷார்ப் என்ற முன்னாள் படைவீரரின் வழக்கில் 2017இல் வந்த தீர்ப்பு அது.

காலில் இறங்கும் வலி, மரத்துப்போவது, சிறுநீர் அடக்க முடியாமை இதெல்லாம் நரம்புப் பாதிப்பு, அதற்குத் தனி சதவீதம் உண்டு. ஆனால் முதுகுக்கு 40, காலுக்கு 20 என்றால் 60 என்று நினைத்துவிடாதீர்கள். 40 போக மிச்சம் 60, அதில் 20 சதவீதம் 12, ஆக 52, அதைச் சுருக்கி 50 என்பார்கள். விசித்திரமான கூட்டல்தான், என்ன செய்ய.

சரி, விண்ணப்பம். இப்போதும் பாதிப்பு இருக்கிறது, சேவையில் அடிபட்டது, இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்ற மூன்றையும் காட்ட வேண்டும். தொடர்புக்கு முழு நிச்சயம் தேவையில்லை, பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று மருத்துவர் காரணத்தோடு எழுதினாலே போதும். ஆவணம் சேரும்வரை காத்திராமல், விண்ணப்பிக்கப் போகிறேன் என்று முதலில் 21-0966 படிவம் கொடுத்துவிடுங்கள். ஒரு வருடத்துக்குள் முழு விண்ணப்பமான 21-526EZ படிவத்தைப் போட்டால் பணம் பெரும்பாலும் அந்த முதல் தேதியிலிருந்து கணக்காகும். டி.ஏ.வி., அமெரிக்கன் லீஜியன் போன்ற முன்னாள் படைவீரர் சங்கங்களின் ஆட்கள் இதையெல்லாம் இலவசமாகவே செய்து தருகிறார்கள். மறுத்துக் கடிதம் வந்தால் அப்புறம் மேல்முறையீட்டுக்கு ஒரு வருடம் இருக்கிறது, முதல் வேலையாகப் பரிசோதனை அறிக்கையின் நகலை வாங்கி எத்தனை டிகிரி எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.